கஞ்சி வாளி அஞ்சல் ஓட்டம்

நோன்பு மாதம் வந்துவிட்டால் கண்டி மஹய்யாவையில் எல்லார் மூக்கும் பள்ளிவாசல் பக்கம் திரும்பிவிடும். அங்கே பின்பக்கம், ஓர் ஆள் உள்ளே உட்காரக்கூடிய அளவு பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதிக்கும். அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, வெள்ளைப்பூடு, றம்பை இலை எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் எழும். பகல் முழுதும் பட்டினி கிடப்பவர்களுக்கு அந்த வாசம் கொஞ்சம் அநியாயம்தான்.

1935ஆம் வருடத்து நோன்பு மழைக்காலத்தில் வந்தது. விறகெல்லாம் ஈரம். அதனால் கஞ்சி இறங்குவதற்கு மாலை ஐந்தரை மணி ஆகிவிடும். ஆறு மணிக்குள் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிடுவார்கள். வாங்கு கேட்டதும் நோன்பு திறக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஊரே சட்டியும் வாளியுமாக வந்து வரிசையில் நின்று, கஞ்சி வாங்கி, வீடு போய்ச் சேர வேண்டும்.

பத்து வயதுப் பாயிஸாவின் வீடு பள்ளிவாசலுக்கு நேர் எதிரே இருந்தது. தன் வீட்டுக் கஞ்சியை அவள் இரண்டு நிமிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். அவளுக்குத் தலைவலியாக இருந்தது இன்னொரு வாளி. அது ஜெஸீமா மாமியின் வாளி.

ஜெஸீமா மாமி மலை உச்சியில் தனியாக இருந்தார். பள்ளிவாசலிலிருந்து கடைத்தெரு முழுவதும் நடந்து, நூற்று இருபத்து நான்கு கருங்கல் படி ஏறி, அதற்குமேல் ஒரு செம்மண் பாதையில் போனால்தான் அவர் வீடு. மாமிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சரியில்லை. கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். படி இறங்கி இரண்டு வருடம் ஆகிறது.

ஆனால் கை இருக்கிறதே, அதற்கு ஓய்வே கிடையாது. மஹய்யாவையில் உள்ள தொப்பிகளில் பாதி மாமி தைத்ததுதான். எந்தப் பையனின் தலை எத்தனை அங்குலம் என்று கேட்காமலே சொல்லுவார்.

"தாஸிம்ட தலை போன பெருநாளுக்கு அப்புறம் அரை அங்குலம் வளந்திருக்கு. உள்ளுக்கும் ஏதும் வளந்திச்சா தெரியல்ல" என்பார். தாஸிம் பாயிஸாவின் தம்பி. எட்டு வயது. மத்தியானம் வரைக்கும் மட்டும் நோன்பு பிடிப்பவன்.

போன வருடம்வரை பக்கத்து வீட்டு நாநா ஒருவர் மாமிக்குக் கஞ்சி கொண்டுபோனார். இந்த வருடம் அவர் நாவலப்பிட்டியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். யார் கொண்டுபோவது என்று பேச்சு வந்தபோது, "நான் போறேன்" என்று சொன்னாள் பாயிஸா. யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னாள். அவளுக்கு மாமியை அவ்வளவு பிடிக்கும்.

முதல் நாள் ஓட்டமாக ஓடினாள். எண்பதாவது படியில் கால் வழுக்கியது. மாமியின் வெள்ளை எனாமல் வாளிக்கு மூடி கிடையாது. அது தொலைந்து எத்தனையோ வருடம். கஞ்சி முழுவதும் எழுபத்தொன்பதாவது படிக்கும் எழுபத்தெட்டாவது படிக்கும் போயிற்று. மாமி ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்து நோன்பு திறந்தார்.

இரண்டாம் நாள் பாயிஸா மெதுவாகப் போனாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. ஆனால் நூறாவது படியில் நிற்கும்போதே கீழேயிருந்து வாங்கு கேட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது மாமி நோன்பு திறந்து முடித்திருந்தார். கஞ்சியும் ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

மாமி சிரித்துக்கொண்டுதான் பேசினார். அந்தச் சிரிப்புத்தான் பாயிஸாவுக்கு வலித்தது.

"மகள், நாளையிலிருந்து வர வாணாம். நீயும் நோன்பு. எனக்காக ஒரு பிள்ள இப்படி விழுந்து எழும்புறது எனக்கு நல்லா இல்ல. ஒத்தைக் காலோட மலைக்கு மேல இரிக்கிறவளுக்குக் கஞ்சி என்னத்துக்கு?"

"மாமி, நான்..."

"ரெண்டு பழம் போதும் மகள். போ. இருட்டுது."

பாயிஸா படி இறங்கும்போது அழுதாள். எண்பதாவது படியில் நின்று அதை ஓர் உதையும் உதைத்தாள். கால்தான் நொந்தது.

மறுநாள் காலை பாயிஸா வாப்பாவோடு போகம்பரை மைதானத்துக்குப் போனாள். பள்ளிக்கூட விடுமுறை. அவளுடைய வாப்பாவின் பெயர் பளீல்; குடை திருத்துபவர். மைதானத்து ஓரத்தில், ஒரு பெரிய மரத்தடியில் அவர் பெட்டியை வைத்து உட்காருவார். மழைக்காலத்தில் கண்டியில் குடை திருத்துபவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

அன்று மைதானத்தில் நாலைந்து டசின் பேர் கூடியிருந்தார்கள்.

"என்ன வாப்பா விசேஷம்?"

"சுந்தரலிங்கம் வந்திருக்கார். நூறு யார் ஓட்டத்தில இலங்கைக்கே முதல் ஆள். இங்க ரயில் கந்தோர்லதான் வேலை. தை மாசம் கொழும்பில பெரிய போட்டி. நாலு பேர் சேந்து அஞ்சல் ஓட்டம் ஓடப் பழகுறாங்களாம்."

பாயிஸா கண்ணை அகலத் திறந்துகொண்டு பார்த்தாள். இலங்கையின் முதல் கால் எப்படிப் பறக்கும் என்று பார்க்க வேண்டாமா?

அது பறக்கவே இல்லை. உயரமான அந்த மனிதர் பத்து யார் ஓடினார். பின்னால் கையை நீட்டினார். பின்னால் வந்தவர் ஒரு குட்டைக் கம்பை அந்தக் கையில் வைக்கப் போனார். கம்பு கீழே விழுந்தது. இருவரும் திரும்பி நடந்து பழைய இடத்துக்கே போனார்கள். மறுபடியும் பத்து யார். மறுபடியும் விழுந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சலித்துவிட்டது. "இதுக்கா காலங்காத்தால வந்தோம்?" என்று ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பாயிஸா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பு விழும்போதெல்லாம் வாப்பாவின் பெட்டியிலிருந்து ஒடிந்த குடைக்கம்பி ஒன்றை எடுத்து மண்ணில் குத்தி வைத்தாள். பத்து மணிக்குள் பதினெட்டுக் கம்பிகள் வரிசையாக நின்றன.

பத்தொன்பதாவது தடவை விழுந்த கம்பு உருண்டு அவள் காலடிக்கே வந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

"உங்களுக்குமா விழுது?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஓம் பிள்ளை. காலமையிலயிருந்து விழுந்துகொண்டுதான் இருக்குது."

"விழுந்தா என்ன செய்வீங்க?"

"என்ன செய்யிறது? எடுப்பம்" என்று சொல்லிவிட்டு, கம்போடு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான் அவர் பேசியது. பாயிஸாவுக்கு ஏனோ நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. இலங்கைக்கே முதல் ஆள் பத்தொன்பது தடவை போட்டிருக்கிறார். அவள் ஒரே ஒரு தடவைதானே கொட்டினாள்!

பிறகு இன்னும் கூர்மையாகப் பார்த்தாள். கம்பு எப்போது விழுகிறது? கொடுப்பவர் சீக்கிரம் விட்டுவிட்டால் விழுகிறது. வாங்குபவர் அவசரப்பட்டுப் பிடுங்கினால் விழுகிறது. இரண்டு பேருடைய கையிலும் கம்பு ஒன்றாக இருக்க, இரண்டு மூன்று அடி சேர்ந்தே ஓடினால் மட்டும் விழுவதில்லை.

இன்னொன்றும் கண்டாள். நாலு பேரில் ஒருவர் கட்டையாக, சற்றுத் தொந்தியோடு இருந்தார். நேராக ஓடினால் மற்றவர்களுக்குப் பின்னால்தான் வந்தார். ஆனால் மைதானம் வளைகிற இடத்தில் அவரைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. அந்த வளைவை அவருக்கே கொடுத்திருந்தார்கள்.

"வாப்பா!" என்று துள்ளி எழுந்தாள் பாயிஸா. "எனக்கு ஆள் வேணும்!"

"எனக்குக் கம்பி வேணும்" என்றார் வாப்பா. "எல்லாத்தையும் மண்ணுல நட்டு வச்சிரிக்கிறியே, குடை முளைக்கவா?"

பாயிஸா முதலில் மாமி வீட்டுக்கு ஏறினாள்.

"மாமி, வாளிய மட்டும் தாங்க."

"என்னத்துக்கு?"

"அஞ்சல் ஓட்டம் ஓட."

மாமி தைத்துக்கொண்டிருந்த தொப்பியை மடியில் வைத்தார். பாயிஸா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மாமிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"சரி. ஒரே ஒரு தரம். நாளைக்கு வாங்குக்கு முந்தி வந்தாப் பாப்பம். பிந்தினாலோ, கொட்டினாலோ, வாளி அந்த அலுமாரிக்கு மேல ஏறிரும். பிறகு இந்த நோன்பு முடியும்வரைக்கும் இறங்காது. சரியா?"

"சரி மாமி."

ஆள் தேட அதிக நேரம் ஆகவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து போவதில் தாஸிமுக்கு நிகர் கிடையாது. கடைத்தெருவில் சாரம் கட்டிய எந்த இரண்டு பேருக்கு நடுவிலும் அவனுக்கு ஒரு வழி இருக்கும். படிக்கு யார்? படி என்றால் பரிமளம்தான்.

பரிமளத்தின் அப்பா நகரசபையில் வேலை செய்தார். அவள் வீடு படிகளுக்கு நடுவில், அறுபதாவது படிக்குப் பக்கத்தில் இருந்தது. தெருக் குழாயிலிருந்து ஒரு நாளைக்கு எட்டுக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து ஏறுகிறவள். அவள் வழுக்கி விழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

"நான் தூக்கலாமா? நான் நோன்பு இல்லையே?" என்று கேட்டாள் பரிமளம்.

"கஞ்சிக்கு அது தெரியாது" என்றாள் பாயிஸா.

"அப்ப சரி, வாங்க. முதல்ல தண்ணி வச்சுப் பழகுவோம்."

"நாலு பேர் வேணுமே ராத்தா?" என்றான் தாஸிம். அக்காவை அவன் ராத்தா என்றுதான் கூப்பிடுவான். "அங்க நாலு பேர்தானே ஓடினாங்க?"

"நம்மகிட்ட மூணு பேர்தான் இரிக்கி. அதுவே பெரிசு."

வாளியில் தண்ணீர் நிரப்பிப் பழகினார்கள். கடைத்தெரு தாஸிமுக்கு, படி பரிமளத்துக்கு, செம்மண் பாதை பாயிஸாவுக்கு. கொடுப்பவர் "இந்தா!" என்று கத்த வேண்டும். வாங்குபவர் கைப்பிடியின் மற்றப் பாதியைப் பிடித்து, இரண்டு பேரும் சேர்ந்து மூன்று அடி நடக்க வேண்டும். அதன் பிறகுதான் கையை விட வேண்டும்.

முதல் தடவை தாஸிம் "இந்தா!" என்று கத்திக்கொண்டே விட்டுவிட்டான். தண்ணீர் பரிமளத்தின் பாவாடையில் போயிற்று. இரண்டாம் தடவை பரிமளம் பிடுங்கினாள். தண்ணீர் தாஸிமின் தலையில் போயிற்று. பாயிஸா வாப்பாவிடம் கேட்டு வாங்கி வந்த குடைக்கம்பிகளை நட்டுக்கொண்டே வந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது.

"என்ன ராத்தா, இப்படி விழுதே?" தாஸிமுக்கு அழுகை வந்துவிட்டது.

"பத்தொன்பது வரைக்கும் அழக்கூடாது" என்றாள் பாயிஸா.

அவர்கள் பத்தொன்பதுக்குப் போகவே இல்லை. பதின்மூன்றோடு நின்றது. பரிமளம் ஒரு வாழையிலைத் துண்டை வட்டமாகக் கிழித்துத் தண்ணீரின் மேலேயே மிதக்கவிட்டாள். "நாங்க குடத்துல இப்படித்தான் போடுவோம். இலை கெடந்தா தண்ணி துள்ளாது" என்றாள். உண்மைதான். இலை போட்ட பிறகு வாளி படி ஏறியும் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"கையச் சுட்டுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார் உம்மா. கைப்பிடியில் சுற்றிக்கொள்ள ஒரு பழைய துணியும் கொடுத்தார்.

மறுநாள் பகல் முழுதும் மழை கொட்டியது. மாலையில்தான் தூறலாகக் குறைந்தது. விறகு புகைந்தது; கஞ்சி பிந்தியது. தாஸிம் கையில் வாளி வந்தபோது பள்ளிவாசல் மணிக்கூட்டில் ஐந்து நாற்பத்தொன்று. வாங்குக்கு இன்னும் பதினான்கு நிமிடம்தான் இருந்தது.

"சூடு! சூடு! சூடு!" என்று கத்திக்கொண்டு தாஸிம் கடைத்தெருவில் புகுந்தான். பெரிய மனிதர்கள் சாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவர்களில் ஒருவர் கடலைக்காரியின் கூடையில் உட்காரப் பார்த்தார். படியடியில் பரிமளம் காத்திருந்தாள்.

"இந்தா!"

இரண்டு கை, மூன்று அடி. வாளி பரிமளத்திடம் போய்விட்டது.

பரிமளம் ஓடவில்லை. ஒரே சீராக ஏறினாள். அறுபதாவது படியில் தன் வீட்டு வாசலில் நின்ற அம்மாவைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எண்பதாவது படியைக் கடந்தபோது மேலே நின்ற பாயிஸா மூச்சை அடக்கிக்கொண்டாள். நூறு. நூற்றுப் பத்து.

"இந்தா!"

வாளி பாயிஸாவின் கைக்கு வந்தது. இலைக்கு அடியிலிருந்து ஆவி எழுந்தது. அவள் பாதையில் வெறுங்காலை ஊன்றி ஊன்றி வேகமாக நடந்தாள். மாமியின் கூரை தெரிந்தது. இன்னும் இருபது அடிதான்.

பாயிஸா சட்டென்று நின்றாள்.

மாமியின் வாசலுக்கு முன்னால் மழைநீர் ஓடும் ஒரு கான் இருக்கிறது. அதன்மேல் ஒரு பலகை கிடக்கும். இன்று பலகை இல்லை. மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. கான் நிறையச் செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வெறுங்கையாக இருந்தால் தாண்டிவிடலாம். கொதிக்கிற கஞ்சியோடு எப்படித் தாண்டுவது? வீசவும் முடியாது. சுற்றிப் போக வேறு வழியும் இல்லை. பின்னாலேயே ஓடிவந்த தாஸிமும் பரிமளமும் பாதையில் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"நாலாவது ஆள் வேணும்னு நான் அப்பவே சொன்னேனே!" என்றான் தாஸிம்.

பாயிஸா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில், கம்பை ஊன்றிக்கொண்டு ஜெஸீமா மாமி நின்றார்.

"மாமி! நீங்க வாங்க!"

"நானா? மகள், எனக்கு ஏலாது. நிலம் வழுக்கும்."

"வழுக்கினா எழும்பலாம் மாமி! அந்தக் கொய்யா மரத்தப் பிடிச்சிட்டு வாங்க! எட்டு அடிதான்! கை மட்டும் தந்தாப் போதும்!"

மாமி வானத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு கம்பை முன்னால் ஊன்றி, வாசற்படியை விட்டு இறங்கினார். ஓர் அடி. இன்னொன்று. கம்பு சேற்றில் புதைந்தது. பிடுங்கி மறுபடி ஊன்றினார். கம்பைக் கொய்யா மரத்தில் சாய்த்துவிட்டு, மரத்தை ஒரு கையால் இறுகப் பிடித்தார். மறு கையைக் கானுக்கு மேலாக நீட்டினார். நாள் முழுதும் ஊசி பிடிக்கிற கை அது. கொஞ்சமும் நடுங்கவில்லை.

"இந்தா!" என்று கத்தினாள் பாயிஸா.

கைப்பிடியில் இரண்டு கையும் சேர்ந்திருந்தன. பாயிஸா விடவில்லை. மாமியும் பிடுங்கவில்லை.

"பிடிச்சிட்டீங்களா மாமி?"

"பிடிச்சிட்டேன். இப்ப விடு மகள்."

பாயிஸா விட்டாள். வாளி கானைத் தாண்டி மாமியின் பக்கம் போய் நின்றது. இலை அசையக்கூட இல்லை.

மூன்று பேரும் ஒவ்வொருவராகக் கானைத் தாண்டிக் குதித்து, வாசலுக்குப் போய், கோப்பைகளை எடுத்து வைத்தார்கள். மாமி கஞ்சியை ஊற்றி முடிக்கும்போது கீழேயிருந்து வாங்கு ஏறி வந்தது. மாமி பழத்தைக் கடித்தார். அதன்பின் ஒரு வாய் கஞ்சி குடித்தார்.

"நாக்கு சுட்டுப் போச்சு!" என்றார். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் தெரியுமா! கண் கலங்கியதற்கு இஞ்சிதான் காரணம் என்றும் சொன்னார். யாரும் நம்பவில்லை.

பரிமளத்துக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. தாஸிம் தான் முழு நோன்பு பிடித்தவன் போல இரண்டு கோப்பை குடித்தான்.

மறுநாள் வாப்பா வந்து கானுக்குக் குறுக்கே புதுப் பலகை போட்டார். அன்று மாலை பாயிஸா வாளியோடு வந்தபோது, மாமி வீட்டுக்குள் இல்லை. பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"பலகைதான் போட்டாச்சே மாமி?"

"அதுக்கென்ன? நாலாவது ஆள் நான்தானே? ஓட இடம் வாணாமா?"

அதற்கடுத்த நாள் இன்னும் ஐந்து அடி முன்னால் வந்து நின்றார். அதற்கடுத்த நாள் இன்னும் ஐந்து. பாயிஸாவின் பாதை நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே போயிற்று.

ஒரு காலை, திருத்தக் கொடுத்த குடையை வாங்க மரத்தடிக்கு வந்த சுந்தரலிங்கத்திடம் பாயிஸா பெருமை தாங்காமல் சொல்லிவிட்டாள்.

"எங்களுக்கு இப்ப பத்து நாளா ஒரு தரமும் விழல்ல!"

"உண்மையாவோ பிள்ளை?" என்றார் அவர். "எங்களுக்கு நேற்றும் நாலு தரம் விழுந்தது."

நோன்பின் கடைசி நாள் வந்தது. பரிமளம் படி ஏறி முடிக்கும் இடத்தில் பாயிஸா நின்றாள். மாமி அவளிடமிருந்து பத்தே அடி தள்ளி நின்றார். யாரோ சொல்லிக் கொடுத்தது போல முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டியிருந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

"இந்தா மாமி!"

அன்று மூன்று பிள்ளைகளும் மாமிக்குப் பின்னால் நடந்தார்கள். செம்மண் பாதை முழுவதும் மாமி ஒரு கையில் கம்பும் மறு கையில் வாளியுமாக மிக மிக மெதுவாகப் போனார். ஆனாலும் வாங்குக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே கஞ்சி வீடு போய்ச் சேர்ந்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.